கஷ்டகாலத்தில் ஸ்தோத்திரம்: எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது குமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் பாறசாலை, அங்கிருந்து கேரளம். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் வீடு வீடாய்ப் போய் ஜெபிக்கிற பழக்கம் உண்டு, அதில் துக்க வீடும் நோயாளி கிடக்கிற வீடும்தான் அதிகம். அங்கே என்னிடம் கேட்ட கேள்விகளையும், என் வீட்டுக்காரர் இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்து கடைசியில் இறந்துபோனபோது நானே கேட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவள் இல்லை. வேதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன், அழுதும் வாசித்திருக்கிறேன்.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று இருக்கிறதே, அப்போ வியாதிக்கும் சாவுக்கும் நன்றி சொல்ல வேண்டுமா?

இந்தக் கேள்விதான் முதலில் வரும், எல்லா வீட்டிலும் வரும். 1 தெசலோனிக்கேயர் 5:18. அதில் "எல்லாவற்றிலேயும்" என்று இருக்கிறது, எல்லாவற்றுக்கும் என்று இல்லை. கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு ஜெபிக்கிறவன் மழைக்காக ஜெபிக்கிறான் என்று அர்த்தமில்லையே, அப்படித்தான் இதுவும்.

ஆனால் உடனே யாராவது எபேசியர் 5:20-ஐ எடுத்துக் காட்டுவார்கள், அங்கே "எல்லாவற்றிற்காகவும்" என்றே இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அதே பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். சத்துரு வீட்டுக்குள் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போனதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நான் இதைப் புரிந்துகொண்டது யோவான் 11-ஆம் அதிகாரத்தில். லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் 35-ஆம் வசனத்தில் இயேசு கண்ணீர் விட்டார். 41-ஆம் வசனத்தில், அதே கல்லறை வாசலில், "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். நடுவில் ஐந்தே வசனம். லாசரு செத்ததற்கு அவர் நன்றி சொல்லவில்லை, பிதா கேட்கிறார் என்பதற்குச் சொன்னார். கண்ணீரைத் துடைத்துவிட்டு வந்தபிறகுதான் சொன்னார் என்றும் எழுதியில்லை.

ஸ்தோத்திரம் வாயில் வரவே மாட்டேன் என்கிறது. இது பாவமா, விசுவாசம் போய்விட்டதா?

இல்லை. இதை நான் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயத்திலேயே நொந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சங்கீத புத்தகத்துக்கு எபிரேயத்தில் உள்ள பெயருக்குத் துதிகள் என்றுதான் பொருள். ஆனால் அதில் உள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், கடைசிவரை வெளிச்சமே வராது, எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அதையும் துதிகள் என்ற பெயருள்ள புத்தகத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள், யாரும் வெட்டி எறியவில்லை. யோபு முதல் அதிகாரத்தில் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்கிறார், அதை எல்லா அடக்க ஆராதனையிலும் வாசிக்கிறோம். மூன்றாம் அதிகாரத்தில் அவரே தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், அதை யாரும் வாசிப்பதில்லை! இரண்டையும் சொன்ன ஆளைத்தான் கடைசி அதிகாரத்தில் தேவன் சரியாகப் பேசினவன் என்கிறார், பக்தியாகவே பேசிக்கொண்டிருந்த அந்த மூன்று சிநேகிதர் மேல்தான் கோபப்படுகிறார்.

என் கதையைச் சொல்கிறேன். வீட்டுக்காரரை அடக்கம் பண்ணிவிட்டு மூன்று மாதம் என்னால் ஒரு பாட்டுக்கூடப் பாட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போவேன், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடிப்பேன், உதடு அசையாது. பாடுகிற மாதிரி நடிக்கவும் மனசு வரவில்லை. ஒருநாள் பக்கத்தில் இருந்த ஒரு வயதான பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சும்மா இரி மக்களே, ஒனக்கும் சேத்து நான் பாடுதேன்" என்றார். பாடினார், நல்ல சத்தமாகவே பாடினார், அவர் குரல் அவ்வளவு இனிமை ஒன்றும் இல்லை. எனக்கு அன்றைக்குத்தான் சபை என்பது எதற்கு என்று தெரிந்தது. அடுத்த ஞாயிறும் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

அதனால் என் பதில் இதுதான்: உங்களுக்கு வரவில்லை என்றால் விடுங்கள், உங்களுக்காக இன்னொருவர் சொல்லட்டும். நாலு பேர் சுமந்து வந்த திமிர்வாதக்காரனை நினையுங்கள், இயேசு அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்தார் என்றுதான் மாற்கு 2-இல் எழுதியிருக்கிறது, படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக அங்கே இல்லை.

துதித்தால் அற்புதம் நடக்கும் என்று கூட்டங்களில் சொல்கிறார்களே?

யோசபாத் ராஜாவைத்தான் காட்டுவார்கள், 2 நாளாகமம் 20. படைக்கு முன்னால் பாடகரை நிறுத்தினான், எதிரிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். உண்மைதான். ஆனால் பாட்டுக்கு முன்னால் 12-ஆம் வசனம் இருக்கிறது: செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு ராஜா ஊர் ஜனங்கள், பெண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரியவில்லை என்று சொன்ன இடம் அது, அந்த வசனத்தை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்தால் துதி ஏதோ சாவி மாதிரி ஆகிவிடுகிறது, திருகினால் கதவு திறக்கும் என்று.

அப்படி இல்லை. பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவு திறந்தது. பிறகு அதே பிலிப்பி ஊர் சபைக்குப் பவுல் "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று எழுதினாரே, அதுவும் ஒரு காவலில் இருந்துதான். அந்தத் தடவை பூமி அதிரவில்லை, காவலில் இருந்தபடியேதான் எழுதினார். அப்போஸ்தலர் 12-ஐப் பாருங்கள், பேதுருவைத் தூதன் வெளியே கூட்டிக்கொண்டு வருகிற அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு பட்டயத்தால் வெட்டப்படுகிறான். யாக்கோபுக்குத் துதி குறைவாய் இருந்தது என்று யாராவது சொல்வார்களா? என்னிடம் ஒருவர் சொன்னார், நீ இன்னும் துதித்திருந்தால் உன் புருஷன் பிழைத்திருப்பான் என்று. அந்தச் சொல் இன்னும் முள்ளாய்த்தான் கிடக்கிறது. தயவுசெய்து யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள்.

துக்க வீட்டில் என்ன சொல்ல வேண்டும்? "ஸ்தோத்திரம் சொல்லுங்கோ" என்று சொல்லலாமா?

வேண்டாம். நீதிமொழிகள் 25:20, துக்கத்தில் இருக்கிறவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் ஒருவனுடைய துணியைக் களைகிறவனைப் போல என்கிறது. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்தபிறகுதான் வினை.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி என்று எங்கள் மேற்குக் கடற்கரை முழுக்க ஆழ்கடலுக்குப் போனவர்கள் வரவில்லை. நிறைய வீடுகளில் உடல்கூடக் கிடைக்கவில்லை, அடக்கம் பண்ண ஒன்றும் இல்லாமல் ஒரு குடும்பம் எப்படித் துக்கத்தை முடிக்கும்? நாங்கள் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, அவர்கள் கத்தோலிக்கர், ஆனாலும் ஐக்கியத்தில் இருந்து சிலர் போனோம். அங்கே கடற்கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பெண்களிடம் நாங்கள் ஒன்றும் பிரசங்கிக்கவில்லை. கஞ்சி காய்ச்சினோம், பிள்ளைகளைக் குளிப்பாட்டினோம், ஜெபமாலை சொல்லும்போது கூட உட்கார்ந்திருந்தோம். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்பதும் பவுல் எழுதினதுதான், அதுவும் கட்டளைதான். துதி வரவேண்டிய நேரத்தில் அவர்களுக்கே வரும், நாம் போய் வாயில் ஊட்ட வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இப்படித் துன்பத்தில் நின்றவர்கள் யாராவது உண்டா?

நட்டாலம் பக்கத்தில்தானே இருக்கிறது! அங்கே 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளைதான் பிறகு தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம். ஒரு கட்டத்தில் வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம், மாடு சாகிறது, விளைச்சல் போகிறது, மனிதர் இடிந்துபோய் இருக்கிறார். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, அப்புறம் அவருடைய படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அப்போது அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வருகிற வரலாறு. கவனியுங்கள், "எல்லாம் சரியாகிவிடும், துதி" என்று டிலனாய் சொல்லவில்லை, எல்லாம் போன ஒருவனின் கதையைச் சொன்னார். சொன்ன ஆளும் தோற்று, பிடிபட்டு, சொந்த ஊரை விட்டு இங்கே கிடந்தவர். அதனால்தான் அந்தக் கதை உள்ளே இறங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசரு என்ற பெயரைத்தான் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள், தேவன் உதவி என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர் பட்டது கொஞ்சமா? எருமை மேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடி, சிறை, கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. நான் சிஎஸ்ஐ என்றாலும் அங்கே போயிருக்கிறேன்.

வீட்டில் புருஷன் அடிக்கிறான். ஸ்தோத்திரம் சொல்லிப் பொறுத்துக்கொள் என்கிறார்கள்.

பொறுக்க வேண்டாம். பிலிப்பியில் நடுராத்திரி பாடின பவுல், விடிந்ததும் என்ன செய்தார்? போகலாம் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். விசாரணை இல்லாமல் எங்களை அடித்துச் சிறையில் போட்டுவிட்டு இப்போது ரகசியமாய் அனுப்புகிறார்களா, அவர்களே வந்து வெளியே கொண்டுபோகட்டும் என்று பவுல் நின்றார், வந்தார்கள். பாடினதும் நியாயம் கேட்டதும் ஒரே வாய்தான். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதே எண். அம்மா வீட்டுக்கோ நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்கோ போங்கள். துதியை யாராவது உங்கள் வாயை மூடுகிற துணியாகப் பயன்படுத்தினால் அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், துதித்தால் போதாதா?

மாத்திரையை நிறுத்தாதீர்கள். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து நான் சாகவேண்டும் என்றபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து எழுந்து சாப்பிடு என்றான், எலியா மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பாடு. 1 ராஜாக்கள் 19. சாகவேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கும் வருகிறதென்றால் இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், தமிழிலும் பேசுவார்கள்.

கடன் கழுத்தை நெரிக்கிறது, ஸ்தோத்திரக் காணிக்கை போடாவிட்டால் தேவன் கோபிப்பாரா?

மாட்டார். எபிரெயர் 13:15 ஸ்தோத்திரபலியை உதடுகளின் கனி என்கிறது. காணிக்கைக்காக வட்டிக்கு வாங்காதீர்கள். வேறொன்றும் சொல்ல இல்லை.

விளைச்சலே இல்லாத வருடம் ஸ்தோத்திரப் பண்டிகை எதற்கு?

எங்கள் சபைகளில் பண்டிகை என்றால் வாழைக்குலை, தேங்காய், சேவல், பலாப்பழம் எல்லாம் கொண்டுவந்து வைத்து ஆராதனை முடிந்து ஏலம் விடுவோம், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒக்கிக் காற்றில் ரப்பர் மரம் வரிசை வரிசையாக முறிந்து விழுந்தது, குலை தள்ளின வாழை எல்லாம் தரையில். கடன் வாங்கிப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகை நிலத்தில், வாழை வைத்தவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். அடுத்து வந்த பண்டிகையில் ஒரு மாமி, அவருக்கு வாழை மொத்தமும் போனது, ஒரு மூடு மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, பிடுங்கி மண்ணோடு கொண்டுவந்து ஆல்டர் முன்னால் வைத்தார். "காத்துக்கு மண்ணுக்குள்ள எட்டல்ல" என்றார். அந்த வருடம் அந்த மரச்சீனிதான் அதிக விலைக்கு ஏலம் போனது, எடுத்தவர் அதை மாமியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆபகூக் 3-ஆம் அதிகாரத்தில் அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்று பட்டியல் போடுகிறாரே, அதை விவசாயம் பண்ணுகிறவர்கள் வாசித்தால் வேறு மாதிரி இருக்கும். அவர் நஷ்டத்தை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். ஒன்றும் போகவில்லை என்று நடிக்கவில்லை.

மலையாளத்தில் பாடினால்தான் மனசு இறங்குகிறது, தமிழ்ச் சபையில் அது தப்பா?

எதற்குத் தப்பு? எங்கள் அக்காவைக் கட்டிக்கொடுத்தது பாறசாலையில், அவள் ஜெபிக்கும்போது பாதி தமிழ், பாதி மலையாளம். தூத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் கடற்கரை ஊர்கள் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன, கோடு வேறு, ஜெபம் வேறு. லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் குணமானதும் சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் நடுவில், ஒரு எல்லையோர ஊரில்தான். வியாதி அவர்களை ஒன்றாகச் சேர்த்திருந்தது. சத்தமாய் தேவனை மகிமைப்படுத்திக்கொண்டு திரும்பி வந்தவன் ஒருவன்தான், அவன் அந்தப் பக்கத்துக்காரன், சமாரியன்.

தினமும் நன்றி சொல்லப் பழக எப்படித் தொடங்குவது?

எங்கள் அம்மா தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் போடமாட்டார். அதன் பின்பக்கம் ஒரு வரி எழுதுவார். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை, எங்களுக்கு இரண்டு மழைக்காலம் வேறு. "இன்று வெயில், வெட்டு உண்டு, ஸ்தோத்திரம்." "இன்றும் மழை. கடையில் அரிசி கடன் தந்தார், ஸ்தோத்திரம்." சில தாளில் "ஒன்றும் இல்லை" என்று மட்டும் இருக்கும், அதையும் பத்திரமாக மற்றதோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார். அம்மா இறந்தபிறகு அந்தக் கட்டுகளை எடுத்துப் பார்த்தேன். "ஒன்றும் இல்லை" என்று எழுதின நாள்களில் இரண்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது, தம்பிக்கு டைபாய்டு வந்த வாரம் அது.

என் ஆத்துமாவே, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே என்று 103-ஆம் சங்கீதம் சொல்கிறது, மறந்துபோகும் என்று தெரிந்துதானே அப்படிச் சொல்கிறது. எழுதிவையுங்கள். பெரிதாக வேண்டாம், அன்றைக்கு நடந்தது போதும்: தண்ணீர் வந்தது, பிள்ளை சாப்பிட்டான், டாக்டர் முகம் பார்த்துப் பேசினார். இல்லாததை எழுதாதீர்கள்.

பிள்ளைகளிடம் கஷ்டத்தை மறைத்துவிட்டு ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிக்கொடுக்கலாமா?

பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். நாம் அடுக்களையில் அழுவது அவர்களுக்குக் கேட்கும். இன்றைக்கு அப்பாவுக்கு வலி அதிகம், அதனால் அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது, ஜெபிப்போம் என்று நான் சொல்லத் தொடங்கியபிறகுதான் என் மகள் இராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த ராத்திரியில் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார், கொஞ்ச நேரத்தில் தோட்டத்தில் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கதறினார். சீஷர்கள் இரண்டையும்தான் எழுதி வைத்தார்கள். பிள்ளைகளும் இரண்டையும் பார்க்கட்டும்.

இன்று ராத்திரி எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. என்ன செய்ய?

சங்கீதம் 13, ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும். கடைசி இரண்டு வசனம் இன்றைக்கு உங்களுக்கு ஒட்டவில்லை என்றால் நாலாம் வசனத்தோடு நிறுத்துங்கள், மீதி அங்கேயே இருக்கும், இன்னொரு நாள் வாசிக்கலாம். வாசிக்கவும் முடியவில்லை என்றால் யாரையாவது போனில் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வாருங்கள், கடைசி பெஞ்சில் உட்காருங்கள், பாட வேண்டாம். பக்கத்தில் யாராவது இருப்பார்கள், எங்கள் சபை என்றால் நான் இருப்பேன்.